களத்தில் பங்கும் உரிமையும்

கல்விக்கூடத்தில் விளையாட்டு உடலுக்கு உரமும் உள்ளத்துக்கு ஊக்கமும் தருவது. ஆனால், அவ்விளையாட்டைக் காணப் பல்லாயிரவர் கட்டணம் செலுத்தும்போதும், அதை ஒளிபரப்பத் தொலைக்காட்சி நிறுவனங்கள் கோடிகளைக் கொடுக்கும்போதும் அந்தப் பணம் யாருக்கு உரியது என்னும் வினா எழுகிறது. அதைப் பகிர்ந்தளிக்கும்போது, வருவாய் ஈட்டாத விளையாட்டுகளின் நிலை என்ன, பெண்களுக்கான விளையாட்டுகளின் நிலை என்ன என்னும் வினாக்களும் உடன் எழுகின்றன. இவற்றுக்கு அமெரிக்க நாடு நெடுங்காலமாக விடை தேடி வருகிறது. அத்தேடலின் வரலாற்றையும் அதில் அடங்கியுள்ள அறச்சிக்கலையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பத்தொன்பது மாணவியர்

1976ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி அலுவலர் ஒருவரின் அறைக்குள் பத்தொன்பது மாணவியர் நுழைந்தனர். அவர்கள் அனைவரும் துடுப்புப் படகோட்டும் அணியினர். குளிர்காலத்தில் ஆற்றில் பயிற்சி செய்து, உடல் முழுதும் நனைந்து கரையேறுவது அவர்களது அன்றாட வழக்கம். படகுக் கூடத்தில் ஆண்கள் குளிப்பதற்கு வெந்நீர் அறைகள் இருந்தன, பெண்களுக்கு இல்லை. ஆண்கள் குளித்து உடைமாற்றி வரும்வரை ஈர உடையுடன் பேருந்தில் நடுங்கிக்கொண்டு அமர்ந்திருப்பதே மாணவியரின் நிலையாக இருந்தது. அதனால் பலர் நோயுற்றனர். வசதி கேட்டு விடுத்த வேண்டுகோள்களுக்குப் பயன் விளையவில்லை.

அன்று அவர்கள் அலுவலரின் முன் மேலாடைகளைக் களைந்து நின்றனர். அவர்களின் முதுகிலும் மார்பிலும் 'ஒன்பதாம் தலைப்பு' என்னும் சட்டப்பிரிவின் பெயர் மையால் எழுதப்பட்டிருந்தது. அணித்தலைவி கிறிசு எர்ன்சுட் ஓர் அறிக்கையைப் படித்தார். தாங்கள் வெறும் உடல்களாக நடத்தப்படுவதை உணர்த்தவே அந்த உடல்களைக் காட்ட நேர்ந்தது என்பதே அவ்வறிக்கையின் சாரம். நியூயார்க் டைம்சு நாளிதழ் இச்செய்தியை வெளியிட்டது. நாடே திரும்பிப் பார்த்தது. அதன்பின் படகுக் கூடத்தில் பெண்களுக்கும் குளியலறையும் உடைமாற்றும் அறையும் கட்டப்பட்டன. அதே ஆண்டு மாண்ட்ரியலில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில் எர்ன்சுட் அமெரிக்காவுக்காகத் துடுப்பு வலித்தார்.

அந்த மாணவியர் பணம் கேட்கவில்லை, வெந்நீர் கேட்டனர். ஆனால், அக்கோரிக்கையின் அடியில் இருந்தது பங்கீடு பற்றிய வினா. ஒரு கல்வி நிறுவனம் விளையாட்டுக்கென ஒதுக்கும் செல்வம் யாருக்கெல்லாம் உரியது? இன்று கோடிக்கணக்கான டாலர்களை முன்வைத்து நிகழும் விவாதமும் இவ்வினாவின் தொடர்ச்சியே ஆகும்.

பொழுதுபோக்கு பெருவணிகமானது

அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நிகழ்ந்த முதல் விளையாட்டுப் போட்டியாகக் கருதப்படுவது, 1852இல் ஹார்வர்டு, யேல் பல்கலைக்கழக மாணவர்கள் நடத்திய படகுப் போட்டி. அப்போட்டிக்கான செலவைத் தொடர்வண்டி நிறுவனம் ஒன்று ஏற்றுக்கொண்டது. பயணியரைத் தன் வழித்தடத்திற்கு ஈர்ப்பதே அதன் நோக்கம். கல்லூரி விளையாட்டும் வணிகமும் முதல் நாளிலேயே கைகோத்துவிட்டன என்பதற்கு இது சான்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கால்பந்து மிகக் கொடிய விளையாட்டாக இருந்தது. ஆட்டக்களத்தில் மாணவர்கள் உயிரிழந்தனர். 1905இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் கல்லூரிகளின் பொறுப்பாளர்களை அழைத்துப் பேசினார். அதைத் தொடர்ந்து 1906இல் கல்லூரிகள் இணைந்து ஓர் அமைப்பை நிறுவின. அது 1910 முதல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் எனப் பெயர் பெற்றது. உயிரைக் காக்கத் தோன்றிய அச்சங்கம் காலப்போக்கில் விதிகளை வகுக்கும் ஆற்றல்மிக்க நிறுவனமாக வளர்ந்தது.

அச்சங்கம் போற்றிய கோட்பாடு, 'கல்லூரி விளையாட்டு ஊதியத்திற்காக ஆடப்படுவதன்று' என்பதாகும். கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு ஆகியவற்றுக்கான உதவித்தொகையைத் தவிர மாணவர் வேறெதையும் பெறலாகாது. இதற்கிடையே தொலைக்காட்சி வளர்ந்தது. 2010இல் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டித் தொடரின் ஒளிபரப்பு உரிமை மட்டும் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு வழங்கப்பட்டது. பல மாநிலங்களில் அரசிடம் மிகுதியான ஊதியம் பெறுபவர் ஆளுநர் அல்லர். பல்கலைக்கழக அணியின் பயிற்றுநரே. விளையாட்டை நடத்தியவர்கள் செல்வம் ஈட்டினர். விளையாடியவர்களுக்கு மட்டும் ஊதியம் இழுக்கெனக் கூறப்பட்டது.

ஒரு சொல்லின் வலிமை

சொல் ஒன்று சட்டத்தின் கேடயமாகக்கூடும் என்பதற்கு 'மாணவ விளையாட்டு வீரர்' என்னும் தொடர் எடுத்துக்காட்டு. 1950களில் விளையாட்டில் காயமுற்ற மாணவர்களும் உயிரிழந்தோரின் குடும்பத்தினரும் தொழிலாளர் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தனர். கொலராடோ மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் 1955இல் ஆட்டத்தின்போது தலையில் அடிபட்டு இறந்தார். இழப்பீடு கோரிய அவருடைய மனைவியின் வழக்கை 1957இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அம்மாணவர் கல்லூரியின் பணியாளர் அல்லர் என்பது தீர்ப்பின் கருத்து.

அக்காலத்தில் விளையாட்டுச் சங்கத்தின் செயல் இயக்குநராக இருந்தவர் வால்டர் பயர்சு. வீரர்கள் பணியாளர்களாகக் கருதப்படுவதைத் தவிர்ப்பதற்காகவே அத்தொடரை உருவாக்கிப் பரப்பியதாக அவரே தம் நூலில் பின்னாளில் ஒப்புக்கொண்டார். 1995இல் வெளிவந்த அந்நூல், கல்லூரி வீரர்கள் சுரண்டப்படுகின்றனர் எனக் கண்டித்தது. ஓர் அமைப்பைக் கட்டியெழுப்பியவரே அதன் குறையை எடுத்துரைத்தது குறிப்பிடத்தக்கது.

ஒன்பதாம் தலைப்பு

1972ஆம் ஆண்டு சூன் 23 அன்று குடியரசுத் தலைவர் நிக்சன் கையொப்பமிட்ட கல்விச் சட்டத்திருத்தத்தின் ஒன்பதாம் தலைப்பு, கூட்டரசின் நிதியுதவி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலின வேறுபாடு காட்டலாகாது என விதித்தது. எடித் கிரீன், பேட்சி மிங்க், பிர்ச் பே ஆகியோர் இதற்காக உழைத்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். ஆங்கிலத்தில் முப்பத்தேழு சொற்களே கொண்ட அந்த முதன்மைப் பிரிவில் 'விளையாட்டு' என்னும் சொல்லே இல்லை. எனினும், அதன் பயன் வேறெங்கும்விட ஆடுகளத்தில்தான் வெளிப்படையாகத் தெரிந்தது.

1971-72ஆம் கல்வியாண்டில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய மாணவியர் ஏறத்தாழ 2,94,000 பேர். இன்று அவ்வெண்ணிக்கை 30 இலட்சத்தைக் கடந்துள்ளது. கல்லூரிகளில் சுமார் 30,000 ஆக இருந்த மாணவியர் எண்ணிக்கை இரண்டு இலட்சத்துக்கு மேல் உயர்ந்துள்ளது.

இச்சட்டம் எதிர்ப்பின்றி நிலைபெறவில்லை. 1974இல் டெக்சாசைச் சேர்ந்த அமெரிக்க மேலவை உறுப்பினர் ஜான் டவர், வருவாய் ஈட்டும் விளையாட்டுகளுக்கு இச்சட்டத்திலிருந்து விலக்களிக்க வேண்டும் என ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. பணம் ஈட்டுவதால் மட்டுமே ஒரு விளையாட்டு சமத்துவ விதிக்கு அப்பாற்பட்டதாகாது என்னும் நிலை அன்று உறுதியாயிற்று. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அதே வினா வேறு வடிவில் மீண்டும் வந்துள்ளது.

தெரிந்து தெளிவோம்

ஒரு கல்லூரி மாணவியர்க்கு உரிய விளையாட்டு வாய்ப்பை வழங்குகிறதா என்பதை அறிய 1979இல் மூன்று அளவுகோல்கள் வகுக்கப்பட்டன. அவற்றுள் ஏதேனும் ஒன்றை நிறைவு செய்தால் போதுமானது.
1. பயிலும் ஆண், பெண் விகிதத்திற்கு ஏற்ப விளையாடும் வாய்ப்பு அமைந்திருத்தல்.
2. வாய்ப்புக் குறைந்த பாலினத்தவருக்குத் தொடர்ந்து வாய்ப்பைப் பெருக்கி வருதல்.
3. அப்பாலினத்தவரின் ஆர்வத்தையும் திறமையையும் முழுமையாக நிறைவு செய்தல்.
விளையாட்டு உதவித்தொகையும் விளையாடும் ஆண், பெண் எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதத்தில் வழங்கப்பட வேண்டும்.

நீதிமன்றம் திறந்த வழி

கலிபோர்னியாவைச் சேர்ந்த முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபேனன், ஒரு காணொளி விளையாட்டில் தம் சாயலில் அமைந்த உருவம் ஆடுவதைக் கண்டார். அதற்காக அவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. 2009இல் அவர் வழக்குத் தொடுத்தார். வீரர்களுக்குத் தரும் பயன்களைக் கல்லூரிகள் கூடிப்பேசிக் கட்டுப்படுத்துவது, வணிகப் போட்டியை ஒடுக்கும் கூட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்திற்கு முரணானது என 2014இல் தீர்ப்பு வந்தது.

2019இல் கலிபோர்னியா மாநிலம், மாணவர்கள் தம் பெயர், உருவம், சாயல் ஆகியவற்றின் வழியே பணம் ஈட்டலாம் எனச் சட்டம் இயற்றியது. பிற மாநிலங்களும் அவ்வழியில் சென்றன. 2021 சூன் 21 அன்று 'ஆல்சுடன்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, கல்வி சார்ந்த பயன்களுக்கு உச்சவரம்பு விதிப்பது சட்டத்திற்குப் புறம்பானது என்றனர். அடுத்த பத்தே நாளில், சூலை 1 முதல், நாடு முழுவதும் மாணவர்கள் விளம்பர ஒப்பந்தங்கள் செய்துகொள்ளச் சங்கம் இசைந்தது.

2025 சூன் 6 அன்று 'ஹவுசு' வழக்கின் உடன்பாட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. இதன்படி, கடந்த ஆண்டுகளில் வாய்ப்பிழந்த வீரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு வழங்கப்படும். மேலும், பல்கலைக்கழகங்கள் தம் வருவாயிலிருந்து நேரடியாக வீரர்களுக்குப் பங்களிக்கலாம். 2025-26ஆம் ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் அளிக்கக்கூடிய உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 இலட்சம் டாலர். நூற்றாண்டுக் காலக் கோட்பாடு இவ்வாறு முடிவுக்கு வந்தது.

பங்கீட்டின் கணக்கு

உழைத்தவர்க்குப் பங்கு கிடைத்தது நன்று. ஆனால், பங்கு எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பதைக் காண வேண்டும். இழப்பீட்டைப் பகிர்வதற்கு வகுக்கப்பட்ட கணக்கில் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்கும் ஆண்கள் கூடைப்பந்து வீரர்களுக்கும் செல்கிறது. அதையொட்டிப் பரவலாகப் பேசப்படும் ஒரு முறைப்படி, நூறு டாலரில் 75 டாலர் கால்பந்துக்கும், 15 டாலர் ஆண்கள் கூடைப்பந்துக்கும், 5 டாலர் பெண்கள் கூடைப்பந்துக்கும், எஞ்சிய 5 டாலர் மற்றெல்லா விளையாட்டுகளுக்கும் சேரும். நீச்சல், தடகளம், மென்பந்து, கைப்பந்து, படகோட்டம் என அனைத்தும் அந்தக் கடைசி ஐந்து டாலருக்குள் அடங்க வேண்டும்.

இது ஒன்பதாம் தலைப்புக்கு மாறானது எனக் கூறி மாணவியர் சிலர் மேல்முறையீடு செய்தனர். வருவாய்ப் பங்கும் உதவித்தொகையைப் போன்றதே, ஆகவே அதையும் ஆண், பெண் விகிதப்படி பகிர வேண்டும் என்னும் வழிகாட்டுதலை அமெரிக்கக் கல்வித்துறை 2025 சனவரியில் வெளியிட்டது. ஆட்சி மாறியபின் பிப்ரவரியில் அவ்வழிகாட்டுதல் திரும்பப் பெறப்பட்டது. ஒரே சட்டத்தின் பொருள் சில வாரங்களுக்குள் இருவேறாக உரைக்கப்பட்டது.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. தன் உடலை வருத்தி, காயத்தை ஏற்று ஆடும் கால்பந்து வீரரின் ஆட்டத்தைக் காணவே பெருந்திரள் கூடுகிறது. அவர்களுள் பலர் வறிய குடும்பத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் ஈட்டிய பணம் பல்லாண்டுகளாகப் பிற விளையாட்டுகளுக்கும் பயிற்றுநர் ஊதியத்திற்கும் கட்டடங்களுக்கும் செலவிடப்பட்டது. தமக்குரியதை அவர்கள் கேட்பது தவறாகாது. மறுபுறம், பல்கலைக்கழகம் வணிக நிறுவனமன்று. பொதுப்பணம் பெறும் கல்விக்கூடம். அங்கு வாய்ப்பை வருவாயால் மட்டும் அளந்தால், வருவாய் ஈட்டும் நிலைக்கு இதுவரை வளர்க்கப்படாத எதுவும் இனி வளராது.

வருவாய் தானாக விளைவதா?

'பெண்கள் விளையாட்டைக் காண ஆளில்லை. ஆகவே அதற்குப் பணமில்லை' என்பது நெடுங்காலம் கூறப்பட்ட காரணம். 2021 மார்ச்சுத் திங்களில் ஆண்கள், பெண்கள் கூடைப்பந்துத் தொடர்கள் ஒரே சமயத்தில் நடந்தன. ஆண்களுக்குப் பரந்த உடற்பயிற்சிக் கூடம் அமைக்கப்பட்டிருந்தது. பெண்களுக்கோ சிறு எடைகள் அடுக்கிய தாங்கி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. செடோனா பிரின்சு என்னும் வீராங்கனை இவ்வேறுபாட்டைக் காணொளியாக வெளியிட, அது உலகெங்கும் பரவியது. 'ஹவுசு' வழக்கில் வாதிகளுள் ஒருவராக விளங்கியவரும் இவரே.

அந்நிகழ்வுக்குப்பின் சங்கம் அமர்த்திய சட்ட நிறுவனம் ஆய்வறிக்கை ஒன்றை அளித்தது. பெண்கள் கூடைப்பந்தின் ஒளிபரப்பு உரிமை தனியே விற்கப்படாமல் வேறு பல விளையாட்டுகளோடு சேர்த்துக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டது என்பதை அது சுட்டிக்காட்டியது. தனியே மதிப்பிட்டால் 2025இல் அது ஆண்டுக்கு 8 கோடியே 10 இலட்சம் டாலர் முதல் 11 கோடியே 20 இலட்சம் டாலர் வரை பெறும் என்றது. 'மார்ச்சு மாதப் பித்து' என்னும் புகழ்பெற்ற வணிகப்பெயரைப் பெண்கள் தொடர் பயன்படுத்த 2022இல்தான் இசைவு கிடைத்தது.

அடுத்த இரண்டே ஆண்டுகளில் விளைவு தெரிந்தது. 2024 ஏப்ரலில் அயோவா, தென்கரோலினா பல்கலைக்கழகப் பெண்கள் அணிகள் மோதிய இறுதியாட்டத்தை அமெரிக்காவில் 1 கோடியே 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொலைக்காட்சியில் கண்டனர். அவ்வாண்டின் ஆண்கள் இறுதியாட்டத்தைக் கண்டோர் ஏறத்தாழ 1 கோடியே 48 இலட்சம் பேர். நீர் பாய்ச்சாத வயலைக் காட்டி 'இது விளையாது' என்று கூறியவர்களுக்கு அவ்வயலே விடை அளித்தது. இன்றைய வருவாய் நேற்றைய முதலீட்டின் விளைச்சல். எனவே, இன்றைய வருவாயை மட்டும் பார்த்து நாளைய பங்கை முடிவு செய்வது பழைய வேறுபாட்டை நிலைநிறுத்துவதாகவே முடியும்.

நாடு தழுவிய விதி

மாநிலத்துக்கு ஒரு சட்டம் இருந்தால், சலுகை மிகுந்த மாநிலத்தை நோக்கித் திறமையாளர் செல்வர். பிற மாநிலங்களும் தம் சட்டத்தைத் தளர்த்தும். ஆகவே, நாடு முழுவதற்கும் ஒரே விதி வேண்டும் என்பதில் பலரும் உடன்படுகின்றனர். அவ்விதியில் என்ன இருக்க வேண்டும் என்பதில்தான் கருத்து வேறுபடுகின்றனர்.

2025 சூலையில் மக்களவையில் 'ஸ்கோர்' சட்டமுன்வரைவு கொண்டுவரப்பட்டது. மாநிலச் சட்டங்களுக்கு மாற்றாக ஒரே சட்டம், கூட்டுத்தடைச் சட்டத்தின் கீழ் தொடரப்படும் வழக்குகளிலிருந்து விளையாட்டு அமைப்புகளுக்குப் பாதுகாப்பு, மாணவ வீரர் பணியாளர் ஆகார் என்னும் வரையறை ஆகியன அதன் முதன்மைக் கூறுகள். இது நிலைத்தன்மை தரும் என்பர் ஆதரவாளர். நீதிமன்றத்தில் போராடிப் பெற்றதை நீதிமன்றத்துக்கு மீண்டும் செல்ல இயலாதபடி செய்து பறிப்பது இது என்பர் எதிர்ப்பாளர். வீரர்கள் சங்கம் அமைத்துக் கூட்டாகப் பேசி ஒப்பந்தம் செய்வதே நேர்வழி என்பது அவர்களுள் பலரின் கருத்து. அதே திங்கள் 24ஆம் நாள் குடியரசுத் தலைவர் வெளியிட்ட ஆணை, பெண்கள் விளையாட்டுகளுக்கும் வருவாய் குறைந்த விளையாட்டுகளுக்கும் உரிய உதவித்தொகையும் இடங்களும் குறையாமல் காக்கப்பட வேண்டும் என்றது.

'பெண்கள் விளையாட்டைப் பாதுகாத்தல்' என்னும் தொடர் அமெரிக்காவில் இன்று இருபொருளில் வழங்குகிறது. பெண்கள் பிரிவில் போட்டியிடும் தகுதி யாருக்கு உண்டு என்னும் விவாதம் ஒன்று. பெண்களுக்குரிய நிதியும் இடமும் வசதியும் குறையாமல் காத்தல் மற்றொன்று. முன்னதைப் பற்றிய விவாதம் ஓசை மிகுந்தது. எண்ணிக்கையில் மிகப் பலரைத் தொடுவது பின்னதே. ஆகவே, இப்பாடம் அதனையே பொருளாகக் கொண்டது.

வருவாய்ப் பங்குக்குப் பணம் திரட்ட வேண்டிய கல்லூரி, முதலில் கைவைப்பது சிறிய விளையாட்டுகளின் மீதே. அவை ஆண்கள் மற்போராகவும் இருக்கலாம். பெண்கள் நீச்சலாகவும் இருக்கலாம். அமெரிக்காவின் ஒலிம்பிக் வீரர்களுள் பெரும்பான்மையோர் கல்லூரி அணிகளில் உருவானவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் இழப்பின் அளவு விளங்கும்.

நிறைவாக

ஈட்டுபவரின் பங்கை மறுத்து நடத்தப்படும் சமத்துவம் நீதியாகாது. வாய்ப்பே பெறாதவரைப் பார்த்து 'நீ ஈட்டவில்லை' என்று கூறுவதும் நீதியாகாது. இவ்விரண்டையும் ஒருசேர நிறைவு செய்யும் விதியை வகுப்பது அரிது. எனினும் இயலாதது அன்று. வகுக்கப்படும் விதி பங்கீட்டுக் கணக்கை மக்கள் அறிய வெளியிடச் செய்ய வேண்டும். அதை ஏற்க இயலாதவர் முறையிட வழி வைக்க வேண்டும். வளர்ந்துவரும் விளையாட்டுக்கு முதலீடு செய்வதைக் கடமையாக்க வேண்டும்.

ஈர உடையுடன் பேருந்தில் காத்திருந்த பத்தொன்பது மாணவியருக்குச் சட்டம் ஏற்கெனவே துணையாக இருந்தது. நான்கு ஆண்டுகளாக அது ஏட்டில் இருந்தது. அவர்கள் அதைத் தம் உடலில் எழுதிக் காட்டிய பின்னரே வெந்நீர் வந்தது. சட்டம் இயற்றப்படுவது பாதி வழி. அதைத் தம் உரிமையென உணர்ந்து கேட்பவர் உள்ளபோதே மீதி வழி கடக்கப்படுகிறது.

கற்பவை கற்றபின்...

1. 'வருவாய்ப் பங்கில் பெரும்பகுதி அதை ஈட்டிய அணிக்கே உரியது' – 'அனைத்து விளையாட்டுகளுக்கும் சமமாகப் பகிர வேண்டும்' என்னும் தலைப்புகளில் வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.
2. ஒரு கல்லூரிக்கு விளையாட்டு நிதியாக நூறு ரூபாய் உள்ளதெனக் கொண்டு, அதை நீங்கள் எவ்வாறு பகிர்வீர்கள் என்பதைக் காரணங்களுடன் ஒரு பக்க அளவில் எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக
1. கூட்டரசின் நிதியுதவி பெறும் கல்வித் திட்டங்களில் பாலின வேறுபாட்டைத் தடைசெய்த ஒன்பதாம் தலைப்பு நடைமுறைக்கு வந்த ஆண்டு
அ) 1906 ஆ) 1957 இ) 1972 ஈ) 2021
2. வருவாய் ஈட்டும் விளையாட்டுகளுக்கு விலக்குக் கோரித் திருத்தம் கொண்டுவந்தவர்
அ) வால்டர் பயர்சு ஆ) ஜான் டவர் இ) எட் ஓபேனன் ஈ) பிர்ச் பே

குறுவினா
1. 1906இல் கல்லூரிகள் இணைந்து ஓர் அமைப்பை நிறுவக் காரணம் யாது?
2. 'மாணவ விளையாட்டு வீரர்' என்னும் தொடர் எந்நோக்கில் உருவாக்கப்பட்டது?

சிறுவினா
1. யேல் பல்கலைக்கழக மாணவியரின் போராட்டத்தை விளக்குக.
2. 'நீர் பாய்ச்சாத வயலைக் காட்டி இது விளையாது என்று கூறியவர்களுக்கு அவ்வயலே விடை அளித்தது' – இடஞ்சுட்டிப் பொருள் தருக.

நெடுவினா
1. கல்லூரி வீரர்களின் ஊதிய உரிமையும் பெண்கள் விளையாட்டின் வாய்ப்பும் ஒன்றோடொன்று முரண்படுவனவா? பாடக்கருத்துகளின் துணையோடு உம் கருத்தை நிறுவுக.